எந்த மில்லு? எந்த லாட்டு?



இன்று எந்த ப்ரோக்ராமையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாரும் தானே எழுதுவதில்லை. யாரோ எழுதி, எங்கோ ஒரு சர்வரில் வைத்திருக்கும் பேக்கேஜ்களை எடுத்துக் கோர்த்துத்தான் வேலை நடக்கிறது. அதில் கேவலம் ஒன்றும் இல்லீங்க. நம்ம சோமனூரில் தறி ஓட்டுகிறவர்கள் யாரும் நூல் நூற்பதில்லை. மில்லில் நூற்ற நூலும், சைசிங்கில் கஞ்சி போட்ட பாவும் வந்து இறங்கின பிறகுதான் தறி ஓடும்.

ஆனால் நூல் எந்த மில்லு, எந்தக் கவுண்ட், எந்த லாட்டு என்று பார்க்காமல் தறிக்காரர் தார் சுற்ற மாட்டார். லாட்டு கலந்துவிட்டால் நெய்யும்போது ஒன்றும் தெரியாது. சாயத்துக்குப் போய் வந்த பிறகு துணி பட்டை பட்டையாக நிற்கும். கூலியும் போச்சு, பேரும் போச்சு!

இந்தக் கவனம் கம்ப்யூட்டர் படிக்கும் நம்மிடம் இருக்கிறதா? இல்லை என்பதே என் கருத்து.

இதை விளக்க ஸ்மால்டாக் என்ற மொழியை எடுத்துக்கொள்கிறேன். 'அது எந்தக் கடையில் கிடைக்கும்?' என்று சிரிக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஸ்க்ராட்ச் படித்தோம் அல்லவா? 2007-ல் வந்த அதன் முதல் பதிப்பு, ஸ்குவீக் என்ற ஸ்மால்டாக்கில் எழுதப்பட்டதுதான். 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் முதலானோர் உருவாக்கிய மொழி இது. இன்று பாரோ என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்மால்டாக்கில் ஒரு விசேஷம் உண்டு. நாம் எழுதியது, வெளியிலிருந்து இறக்கியது, திறந்து வைத்த ஜன்னல் எல்லாமே 'இமேஜ்' என்ற ஒரே ஃபைலில் அப்படியே பதிந்து நிற்கும். நாளைக்குத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வசதிதான், ஆபத்தும் அங்கேதான்! ஆறு மாதத்துக்கு முன் கையால் இறக்கின பேக்கேஜ் அந்த இமேஜுக்குள்ளேயே குடியிருக்கும். இமேஜ் ஞாபகம் வைத்திருப்பதால் மனுசன் மறந்துவிடுகிறான். நாம் எழுதியதை மட்டும் வேறு கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ப் போட்டால், இன்ன கிளாஸைக் காணோம் என்று நின்றுவிடும். 'எங்கிட்ட ஓடுச்சே சார்!' என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இதற்கு மருந்துதான் மெட்டாசெல்லோ. ப்ராஜெக்டுக்குள்ளேயே 'பேஸ்லைன்' என்று ஒரு கிளாஸ் எழுத வேண்டும். அதில் மூன்று சங்கதி. ஒன்று, நம்முடைய பேக்கேஜ்கள் எவை, எது எதை நம்பி நிற்கிறது. இரண்டு, வெளியாருடைய ப்ராஜெக்ட் எந்த ரெப்பாசிட்டரியில் இருக்கிறது. கிட்ஹப் என்றால் யாருடைய கணக்கு, எந்த ஃபோல்டர். மூன்று, எந்த வெர்ஷன். இவ்வளவும் எழுதிவிட்டால் புது இமேஜில் ஒரே ஒரு கட்டளை போதும். நாம் நம்பியதை மட்டுமல்ல, அது நம்பியிருப்பதையும் தேடிப் பிடித்து வரிசையாக இறக்கிவிடும்.

மூன்றாவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெர்ஷன் எழுதாவிட்டால் அந்த ரெப்பாசிட்டரியின் பிரதானக் கிளை வரும். கிளை வளர்ந்துகொண்டே இருக்கும்; நேற்று ஓடியது இன்று ஓடாது. டேக் எழுதினால் பெரும்பாலும் நிலைக்கும். கமிட் எண்ணையே எழுதினால் ஆணி அடித்த மாதிரி.

ஜாவாவில் மேவன், பைத்தானில் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல் என்று பெயர்தான் வேறு, பாடம் ஒன்றுதான். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை எழுதியவர், அதை என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ப்ராஜெக்ட்கள் முடங்கின. அதை நம்பியிருக்கிறோம் என்பதே பலருக்கும் அன்றுதான் தெரிந்தது! 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா பேக்கேஜில் பெரிய ஓட்டை தெரிந்தபோது, 'அது நம்மிடம் இருக்கிறதா?' என்று தேடவே பல நிறுவனங்கள் திண்டாடின. 2024-ல் நம் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, மென்பொருளில் சேர்ந்திருக்கும் பாகங்களுக்குப் பட்டியல் வைப்பது பற்றி வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது.

அரசாங்கம் கேட்கும் பட்டியலை நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் எழுதக் கூடாதா?

சொந்த லேப்டாப் உள்ளவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அதையே தூக்கிக்கொண்டு வைவாவுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறியது நான்தான் முதல். என்னைப் போன்றவர்கள் லேபில் இன்று ஒரு மெஷின், நாளை ஒரு மெஷின் என்று உட்காருகிறவர்கள். மெஷினை ஃபார்மட் அடித்தால் இமேஜ் போச்சு. எழுதியதை கிட்டில் ஏற்றி, பேஸ்லைனும் சரியாக வைத்திருந்தால் பக்கத்து மெஷினில் மறுபடியும் எழுப்பிவிடலாம். ஆகவே இந்தப் பட்டியல் இல்லாதவனுக்கான பாதுகாப்பு!

'லேபில் நெட் இல்லாவிட்டால்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரெப்பாசிட்டரி என்றால் தூரத்து சர்வர்தான் என்றில்லை. பென்டிரைவில் உள்ள ஃபோல்டரையும் முகவரியாகக் கொடுக்கலாம். சர்வரும் நிரந்தரம் இல்லை. ஸ்குவீக்சோர்ஸ், ஸ்மால்டாக்ஹப் என்று இருந்த ப்ராஜெக்ட்கள் பலவும் பின்னாளில் கிட்ஹப்புக்குக் குடி மாறின. முகவரியும் எழுதுவோம், ஒரு பிரதியும் கையில் வைப்போம்.

'ஆணி அடித்துவிட்டால் புது வெர்ஷனில் வரும் திருத்தம் கிடைக்காதே?' என்பாரும் உண்டு. உண்மைதான். அதற்காக வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதா? பழையதில் ஓட்டை இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்து, நாமே எண்ணை மாற்றி, சோதித்து ஏற்றுவோம்.

நம் ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இதுதான். வைவாவுக்கு முன் ஒவ்வொரு ப்ராஜெக்டையும் அது இதுவரை ஓடாத ஒரு மெஷினில், புதிதாக இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மார்க் போடுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! அப்படிச் செய்தால் அடுத்த வருஷம் வரும் தம்பி தங்கைகள் நாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். முதலிலிருந்து மறுபடி அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எழுதி வைப்போம் நண்பர்களே!

- கணினிப் பொறியியல் டிப்ளமோ, இரண்டாம் ஆண்டு