தடை கேட்பவர்களே, கொஞ்சம் யோசியுங்கள்!

பஜாரில் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! மலிவு லைட்டருக்குத் தடை வந்தபோது சிவகாசி, சாத்தூர் தீப்பெட்டிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். 2022ல் முதல்வர் ஸ்டாலினே டெல்லிக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யத் தடை வந்தது. பிறகு என்ன நடந்தது? உதிரி பாகங்களாக வந்து இறங்கின. 2024ல் அதற்கும் தடை!

இது பழைய கதைதான். 1922ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரியை உயர்த்தினார்கள். ஸ்வீடன் கம்பெனி ஓடிவிட்டதா? இல்லை. மறு ஆண்டே 'விம்கோ' என்ற பெயரில் இங்கேயே கடை விரித்தது.

போட்டியாளன் மீது நாம் ஏவும் தடை நாளை நம் கல்லாவுக்கும் வரும். சிவகாசி அறியாததா இது? 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. புகையில் மூச்சுத் திணறும் குழந்தைக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சரவெடி பின்னிப் பிழைத்த பெண்களின் கூலிக்கு யார் பதில் சொன்னார்கள்?

லைட்டர் விற்றது யார்? பெட்டிக்கடைக்காரர்கள், நம்மவர்களும் அதில் உண்டு. அவர்களுக்காகக் கடிதம் எழுத எந்தத் தலைவரும் வரவில்லை. பலமாகத் திரண்டவனுக்கே அரசின் காது கேட்கும். கசப்பாக இருந்தாலும் நடப்பு அதுதான்.

விருதுநகர் நாடார் வியாபாரிகள் விற்பனையில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா 1889ல் அப்படித்தான் எழுந்தது. நம் பஜாரில் அப்படியொரு பொது நிதி இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் மனு எழுதுவதற்கு முன் அதைப் பேசுங்கள்.