தோற்றால் வெளியே என்றிருந்த காலம்

சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டத்தில் இப்போது 144 ஆட்டங்கள். செப்டம்பரில் தொடங்கி ஜனவரி கடைசிவரை ஆடித் தீர்த்தபின், 36 அணிகளில் மூட்டை கட்டுபவை 12 மட்டுமே. மற்ற 24 அணிகளும் எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன. இதே போட்டி 1955-56இல் ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் முதன்முதலாக நடந்தபோது, தொடக்கம் முதல் இறுதிவரை மொத்தமே 29 ஆட்டங்கள்தான். அவற்றில் விழுந்தவை 127 கோல்கள்.

இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் பழைய ரசிகர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலத்தில் நாட்டுச் சாம்பியன்கள் மட்டுமே ஆடினார்கள், பணம் எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் தகுதியின்படி நடந்தது என்பார்கள். முதல் ஐரோப்பியக் கோப்பையைப் பொறுத்தவரை இதில் பெரும்பகுதி கற்பனை. அந்தப் போட்டியைப் பெற்றெடுத்ததே பத்திரிகை விற்க வேண்டிய ஒரு நாளிதழ்.

1954 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ், புஷ்காஷும் கோச்சிஷும் ஆடிய ஹங்கேரியின் ஹான்வெட் அணியை மின்னொளியில் 3-2 என வென்றது. அதுவும் இடைவேளையில் 0-2 எனப் பின்தங்கியிருந்து மீண்ட வெற்றி. (ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கச் சொன்னவர் வுல்வ்ஸ் மேலாளர் ஸ்டான் கல்லிஸ். ஹங்கேரியர்களின் நுணுக்கமான பாஸ்கள் அந்தச் சேற்றில் சிக்கின.) மறுநாள் இங்கிலாந்துப் பத்திரிகைகள் வுல்வ்ஸை உலகச் சாம்பியன் என்றே கொண்டாடின. பாரீஸில் 'லெகிப்' விளையாட்டு நாளிதழில் இருந்த முன்னாள் பிரெஞ்சு வீரர் காப்ரியேல் ஹானோவுக்கு இது பொறுக்கவில்லை. முதலில் மாஸ்கோவிலும் புடாபெஸ்டிலும் போய் ஆடிக் காட்டட்டும், பிறகு பட்டம் சூட்டலாம் என்று எழுதினார். அத்தோடு நிறுத்தாமல், ஐரோப்பிய கிளப்புகளுக்கென ஒரு போட்டி வேண்டும் என்ற யோசனையையும் அந்த நாளிதழ் முன்வைத்தது. அவருடைய சகா ஜாக் ஃபெரான், தென் அமெரிக்க கிளப் சாம்பியன்களுக்காக 1948இல் சிலியின் சாந்தியாகோவில் நடந்த போட்டியை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். அப்படியொன்று ஐரோப்பாவிலும் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா அப்போது பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தேசிய அணிகளைத் தாண்டி அது யோசிக்கவும் இல்லை. 1955 ஏப்ரலில் கிளப்புகளை பாரீஸுக்கு அழைத்துக் கூட்டம் போட்டு விதிகள் எழுதியது நாளிதழ்தான். குழந்தை நடக்கும் என்று தெரிந்த பிறகே, ஃபிஃபாவின் ஒப்புதலோடு, யூஃபா அதைத் தத்தெடுத்துக்கொண்டது.

அழைப்பு யாருக்குப் போனது? கூட்டம் சேர்க்கும் அணிகளுக்கு. ஸ்காட்லாந்தின் சாம்பியன் அபர்டீன். ஆனால் ஆடியது லீகில் ஐந்தாம் இடம் பிடித்திருந்த ஹிபர்னியன். ஹங்கேரியிலிருந்து ஹான்வெட் வரவில்லை, ஹிடெக்குட்டி ஆடிய வோரோஷ் லோபோகோ வந்தது. போர்ச்சுகலில் பென்ஃபிகா பட்டம் வென்றிருக்க, லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் களமிறங்கியது. முதல் சுற்றில் யாரோடு யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கல்கூடக் கிடையாது; உட்கார்ந்து பேசி ஜோடி சேர்த்தார்கள். உண்மையான சாம்பியனாக வரவிருந்த செல்சியை இங்கிலாந்து லீக் நிர்வாகம் போகவிடாமல் தடுத்தது. உள்நாட்டு ஆட்டங்கள் கெடும் என்பது காரணம். அந்த இடத்தில் போலந்தின் க்வார்டியா வார்ஸாவா ஆடியது. 1956இல் மேலாளர் மேட் பஸ்பியின் மான்செஸ்டர் யுனைடெட் அதே நிர்வாகத்தின் பேச்சைக் கேட்காமல் போனது தனிக் கதை.

ஆகவே, பரிசுத்தமான ஒரு பழங்காலம் பறிபோய்விட்டது என்ற புலம்பலில் சாரம் இல்லை. பறிபோனது வேறொன்று. அன்று வீட்டில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டே ஆட்டங்கள். கூட்டிப் பார்த்துக் குறைந்தால் வெளியே. இந்தப் பயம்தான் அந்த முதல் தொடரின் உயிர்.

சார்ப்ரூக்கன் அணியைப் பாருங்கள். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருந்த சார்லாந்து, அப்போது ஃபிஃபாவில் தனி உறுப்பினர். அந்தப் பகுதியின் எதிர்காலம் குறித்து 1955 அக்டோபர் 23 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. சில நாட்களில், நவம்பர் 1 அன்று, அதன் கிளப் மிலானின் சான் சிரோ மைதானத்தில் ஏசி மிலானை 4-3 என வீழ்த்தியது. இத்தாலியின் சாம்பியனுக்கு அவமானம் மட்டுமல்ல, மூன்று வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடியும் கூட. மிலான் அங்கே போய் 4-1 என வென்று தப்பியது. இன்றைய முறையில் அந்த 4-3 என்னவாகியிருக்கும்? எட்டில் ஒரு தோல்வி. மிலான் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருக்கும்.

ரியல் மாட்ரிட்டும் தப்பிப் பிழைத்த அணிதான். கிறிஸ்துமஸ் நாளில் மாட்ரிட்டில் யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசானை 4-0 என நொறுக்கியது. ஃபிராங்கோவின் ஸ்பெயினுக்கும் டிட்டோவின் யூகோஸ்லாவியாவுக்கும் தூதரக உறவே இல்லாத காலம் அது. ஜனவரியில் பனி மூடிய பெல்கிரேடில் ரியல் 0-3 எனத் தோற்றது. இன்னும் ஒரு கோல் விழுந்திருந்தால் கணக்கு சமம். வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் விதி அப்போது இல்லை, மூன்றாவது ஆட்டம்தான் வழி. பிற்பாடு தொடர்ந்து ஐந்து கோப்பைகளை அள்ளிய அந்தப் பெரும் அணி, முதல் ஆண்டிலேயே பனியில் வழுக்கிக் காணாமல் போயிருக்கக்கூடும்.

1956 ஜூன் 13 அன்று பாரீஸின் பார்க் தெ பிரான்ஸில் இறுதி ஆட்டம். பத்தே நிமிடத்தில் பிரான்ஸின் ரீம்ஸ் 2-0 என முந்தியது. ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவும் ரியாலும் அரை மணி நேரத்துக்குள் சமன் செய்தார்கள். இரண்டாம் பாதியில் மிஷெல் ஹிடால்கோவின் தலை முட்டலில் ரீம்ஸ் மறுபடி முன்னே. ரியலின் தற்காப்பு வீரர் மார்கிட்டோஸ் முன்னேறிப் போய் ஒன்று போட்டார். கடைசியில் ரியால் அடித்தது நான்காவது. 4-3. ரீம்ஸின் நட்சத்திரம் ரேமோன் கோபா, அடுத்த பருவத்தில் ரியல் மாட்ரிட்டுக்குப் போக ஏற்கெனவே சம்மதித்திருந்தார். பணம் எட்டிப் பார்க்கவில்லை என்பவர்களுக்கு இது ஒன்று போதாதா?

இன்றைய முறைக்கு வருவோம். 2021 ஏப்ரல் 18 அன்று ரியல் மாட்ரிட் உள்ளிட்ட 12 பணக்கார கிளப்புகள் தங்களுக்கென 'சூப்பர் லீக்' அறிவித்தன. ரசிகர்கள் கொதித்தார்கள், மூன்றே நாளில் 9 கிளப்புகள் பின்வாங்கின. நல்ல செய்தி. ஆனால் அந்த அமளியின் நடுவே, ஏப்ரல் 19 அன்று, ஆட்டங்களைப் பெருக்கும் புதிய திட்டத்துக்கு யூஃபா சத்தமில்லாமல் ஒப்புதல் கொடுத்தது. பிறகு சில திருத்தங்களோடு 2024-25இல் அது நடைமுறைக்கு வந்தது. பெரிய கிளப்புகள் கேட்டது, தோற்றாலும் தொடர்ந்து ஆட ஒரு மெத்தை. கதவை உடைத்துப் பெற முடியாததை அவை ஜன்னல் வழியாகப் பெற்றன.

அந்த முதல் பருவத்திலேயே இதன் விளைவு தெரிந்தது. ரியல் மாட்ரிட் முதல் கட்டத்தில் லீல், மிலான், லிவர்பூல் மூன்றிடமும் தோற்றது. அப்படியும் 11ஆம் இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போனது. பாரீஸ் செயின்ட் ஜெர்மைனும் மூன்று ஆட்டங்களில் தோற்று 15ஆம் இடம்தான் பிடித்தது. ஆனால் மே 31 அன்று இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானை 5-0 எனச் சிதறடித்துக் கோப்பையைத் தூக்கியது. தடுமாறிய அணி தேறிவர நேரம் கிடைத்ததே, இதுதானே முறையின் சிறப்பு என்று ஆதரவாளர்கள் இதைக் காட்டுவார்கள். அந்த பாரீஸ் அணி அற்புதமான அணி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நேரம் வாங்கிக்கொள்ள வசதி இருப்பது பெரிய அணிகளுக்கே. 25 பேர் பலமுள்ள கிளப் எட்டு ஆட்டங்களில் சரிவைச் சரிக்கட்டிவிடும். சார்ப்ரூக்கன் போன்ற ஒரு சிறு அணியின் ஒற்றை நல்ல இரவுக்கு எட்டில் ஒரு பங்கு மதிப்புதான்.

சிறு கிளப்புகளுக்கு நான்கு சொந்த மைதான ஆட்டங்களின் வருமானம் உறுதி என்ற வாதம் மட்டும் யோசிக்கத் தக்கது. அது பங்கீட்டுப் பிரச்சினை. ஒளிபரப்புப் பணத்தைச் சமமாகப் பிரித்தால் தீரும். அதற்காக வீரர்களின் கால்களில் கூடுதல் ஆட்டங்களை ஏற்ற வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்த ஆட்டங்களை நள்ளிரவு தாண்டி 12.30, 1.30 மணிக்கு விழித்துப் பார்ப்பவர்கள் ஏராளம். தோற்றாலும் பெரிதாக எதுவும் ஆகிவிடாத ஆட்டத்துக்காகத் தூக்கத்தை விடச் சொல்வது அநியாயம். 32 அணிகளை எடுங்கள், செப்டம்பரிலேயே சீட்டுக் குலுக்குங்கள், உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று என ஆட விடுங்கள். இறுதி ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 61 ஆட்டங்களில் முடிந்துவிடும். இப்போது நடப்பவை 189.