லோடு நம்முடையது, பின் யாருடையது?

ஆலையிலிருந்து நம் குடோன்களுக்கு அரிசி, பருப்பு, வெங்காயம் கொண்டுவரும் வாகனங்களில் டிராக்டர் டிரெய்லருக்கு முக்கிய இடம் உண்டு. லாரி நுழையாத சந்திலும் அது நுழையும், வாடகையும் குறைவு. அந்த வாடகையிலும் ஐம்பது ரூபாய் குறைக்க நாம் பேரம் பேசுகிறோம். ஆனால் டிராக்டரையும் டிரெய்லரையும் பிடித்து நிறுத்தும் பின்னை ஒரு நாளாவது குனிந்து பார்த்ததுண்டா?

நம் உறுப்பினர் ஒருவருக்கு 25 கிலோ சிப்பம் 200 ஏற்றிக்கொண்டு ஒரு நாலு சக்கர டிரெய்லர் வந்தது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது கியர் மாற்றிய குலுக்கலில் பின் துண்டாகி, டிரெய்லர் பின்னோக்கி உருண்டு பாலத்துச் சுவரில் முட்டி நின்றது. பின்னால் மொபெட்டில் வந்தவர் வண்டியைப் போட்டுவிட்டுக் குதித்ததால் உயிர் தப்பினார். ஒடிந்த பின்னை எடுத்துப் பார்த்தால், அது கட்டட வேலைக் கம்பியில் வெட்டிய துண்டு! நடுப்பகுதி தேய்ந்து இடுப்பு ஒடுங்கிப் போயிருந்தது.

சரக்கு 5 டன், டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டாலும், சமதளத்தில் சீராக இழுக்கும்போது பின்னுக்கு வரும் பாரம் சில நூறு கிலோதான். ஆகவேதான் எந்தக் கம்பியைச் செருகினாலும் பல மாதம் ஓடிவிடுகிறது. ஆபத்து குலுக்கலில் இருக்கிறது. டிரெய்லரில் தனி பிரேக் இல்லாவிட்டால், டிராக்டர் பிரேக் போடும்போது மொத்த எடையும் அந்தப் பின்னில் வந்து மோதும். சாதாரண பிரேக்குக்கே 2 டன் அளவு வரலாம். வளைவில் திரும்பக் கொஞ்சம் இடைவெளி வேண்டும்தான். ஆனால் துவாரம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால், ஒவ்வொரு கியருக்கும் ஒரு சம்மட்டி அடி விழுகிறது என்று பொருள்.

பின்னின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. ஒரு அங்குலப் பின் இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் அங்குலம் போட்டால், பலம் முக்கால் பங்காகக் குறைவதில்லை. பாதியைவிடச் சற்றே அதிகம்தான் மிஞ்சும். இரும்பின் தரமும் அப்படியே. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவை தாங்கும், 4.6 என்றால் ஏறத்தாழ 40 கிலோ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தலையில் எழுத்தே இல்லாததை நம்பவேண்டாம். கடினப்படுத்திய பின்னில் வெல்டிங் வைத்து 'பலப்படுத்துவதும்' வேண்டாம். சூடுபட்ட இடம் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். பின் மேலே எழும்பாமலிருக்கக் கீழே கிளிப் அவசியம். சணல் கயிறு கிளிப் ஆகாது! போதாக்குறைக்கு ஒரு தடித்த சங்கிலியும் வேண்டும். அதை அதே பின்னில் மாட்டாமல் டிராக்டர் சட்டத்தில் தனியாக மாட்டவேண்டும்.

இரண்டு சக்கர டிரெய்லரானால் மூட்டை அடுக்குவதிலும் கவனம் தேவை. பாரம் பின்பக்கம் கூடினால் முன்கம்பம் பின்னை மேல்நோக்கித் தூக்கும். அளவுக்கு மீறி முன்பக்கம் கூடினால் மேட்டில் டிராக்டரின் முன்சக்கரமே எழும்பும். அடுக்குவது நம் குடோன் ஆட்கள்தானே?

"அதெல்லாம் வண்டிக்காரர் பாடு" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் அப்பிரிவு குறிப்பிடுகிறது. விவசாய உபயோகத்துக்கென இன்சூர் செய்த டிராக்டரில் வியாபாரச் சரக்கு ஏற்றி விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டி நழுவப் பார்க்கும். அப்போது கேள்வி சரக்குக்காரரிடம்தான் திரும்பும்.

வண்டிக்காரரை நாம் குறை சொல்லவில்லை. கட்டுப்படியாகாத வாடகைக்கு ஓட்டுகிறவர் முதலில் மிச்சம் பிடிப்பது இப்படிப்பட்ட சாமான்களில்தான். லேத் பட்டறையில் நல்ல பின் ஒன்று செய்துவாங்க ஆகும் செலவு, கிழிந்து கொட்டும் ஒரு சிப்பம் அரிசியின் விலையைத் தாண்டாது. ஆகவே லோடு ஏற்றுமுன் பின், கிளிப், சங்கிலி மூன்றையும் பார்த்த பிறகே முதல் மூட்டையைத் தூக்கச் சொல்லும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தேய்ந்த பின்னோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல், வாடகையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி நாமே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம்.