வீட்டில் செய்யும் வேலை வேலைதானா?

நெய்வேலி நகரியத்தில் வேலை என்பது கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. சாப்பாட்டுப் பையோடு ஆள் கிளம்புவார், ஷிப்டு முடிந்து திரும்புவார். எங்கே வேலை என்று கேட்டால் ‘சுரங்கம்’, ‘அனல்மின் நிலையம்’ என்று ஒரே சொல்லில் விடை கிடைத்துவிடும். குடியிருக்கும் வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். பணி ஓய்வுக்குப் பின் அதுவும் கைவிட்டுப் போகும். 1956 ஆம் ஆண்டு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதிலிருந்து இந்த ஊரின் இலக்கணம் இதுதான். இந்த இலக்கணத்துக்குள் அடங்காத ஒருவர் பெரும்பாலான குவார்ட்டர்ஸிலும் இருக்கிறார். இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்குபவரின் உறக்கம் கலையாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அவர். கடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ தினமும் போய்வரும் வேலை அவருக்கு எட்டாது. ஆகவே வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஏதும் உண்டா என்று தேடத் தொடங்குகிறார்.

நாங்கள் நால்வர் அப்படித் தேடியவர்கள். புத்தகங்களைக் கைமாற்றிப் படித்துப் பழகிய நண்பர்கள். மூவர் தாய்மார், ஒருவர் குழந்தைக்காக வேலையை விட்ட தந்தை. அந்தத் தந்தையிடம் ஊரார், “எப்போது வேலைக்குப் போகப்போகிறீர்கள்?” என்று விடாமல் கேட்கிறார்கள். எங்கள் மூவரிடமும் ஒருவரும் கேட்பதில்லை. இரண்டில் எது பெரிய அவமதிப்பு என்று இன்றுவரை எங்களால் முடிவு செய்ய இயலவில்லை.

எங்களுள் ஒருவர் ஏமாந்தார். ஒரு விளம்பரத்தை நம்பி 2,500 ரூபாய் முன்பணம் கட்டினார். குழந்தை உறங்கிய பின் இரவு இரவாக மூன்று வாரம் தட்டச்சு செய்து அனுப்பினார். பிழைகள் மிகுதி என்று சொல்லி அத்தனையையும் நிராகரித்தார்கள். ஒப்பந்தத்தை மீறியதற்காக நீங்கள்தான் பணம் தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒரு கடிதமும் வந்தது. இரண்டு மாதம் அதைக் கணவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். எங்களிடம் சொன்னபோதும் பணம் போனதைப் பற்றி அவர் அழவில்லை. “மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்தேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த மோசடியின் வடிவம் இப்போது மாறிவிட்டது. யூடியூப் காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் காசு, விடுதிக்கு மதிப்பெண் இட்டால் காசு என்று அழைப்பு வருகிறது. முதலில் 150, 200 ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். அதுதான் தூண்டில் புழு. பிறகு டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்து, ‘முன்பணம் கட்டிச் செய்யும் பணி’ என்று ஆயிரத்தில் தொடங்கி இலட்சத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். 2023 டிசம்பரில் இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. பணம் போனது தெரிந்த கணமே 1930 என்ற எண்ணை அழைத்தால், அது கைமாறும் முன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே உதவுகிறது.

உண்மையான வேலையை அடையாளம் காணும் வழிகள் எளியவை. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். நிறுவனத்தின் பெயரை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தேடிப் பார்க்கலாம்; அங்கே பெயர் இருப்பது மட்டும் நாணயத்துக்குச் சான்றாகாது, இல்லாத ஒன்று தன்னைக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டால் அங்கேயே விலகிவிடலாம். என்ன வேலை, பக்கத்துக்கோ மணிக்கோ எவ்வளவு, எந்தத் தேதியில் பணம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை கிடைக்க வேண்டும்.

இதைச் சொன்னவுடன், “பேராசைப்பட்டார், ஏமாந்தார்” என்று சிலர் எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இதைத்தான் நாங்கள் மறுக்கிறோம். எங்கள் தோழி எதிர்பார்த்தது மாதம் ஆறாயிரம் ரூபாய். அதற்குப் பெயர் ஆசைகூட இல்லை. இந்திய அரசின் 2019 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்த பின்னும் ‘வீட்டில் சும்மா இருக்கிறார்’ என்று அழைக்கப்படுபவர், ‘உன் உழைப்புக்கு விலை உண்டு’ என்று முதன்முதலாகச் சொன்னவனை நம்பியதில் வியப்பென்ன?

வீட்டில் செய்யும் வேலையும் வேலைதான் என்று நிலைநாட்டியவர்கள் பீடித் தொழிலாளர்கள். நெல்லை, தென்காசி, வேலூர்ப் பக்கங்களில் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய பெண்களை, 1966 ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் என்று ஏற்றது. வீட்டில் இருந்து சுற்றுகிறவர் எங்கள் ஊழியர் அல்லர் என்று வாதிட்ட முதலாளிகளின் வாதத்தை, வருங்கால வைப்புநிதி தொடர்பான வழக்கு ஒன்றில் 1985 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தரமில்லாத பீடியை நிராகரிக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கிறதல்லவா, அந்த உரிமையே அவர் மேற்பார்வை செய்கிறார் என்பதற்குச் சான்று என்பது தீர்ப்பின் சாரம். எங்கள் தோழியின் பக்கங்களை நிராகரித்தவர்களை இந்தத் தீர்ப்போடு சேர்த்து எண்ணிப் பார்க்கிறோம். நிராகரிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனோடு வரும் கடமையை வீசிவிடுவதுதான் மோசடி.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996 ஆம் ஆண்டில் வீட்டுவேலை உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஒரு வரையறை தந்திருக்கிறது. வரையறை வந்துவிட்டது, கூலிதான் வர வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலக்கிய இதழ்களும் பதிப்பகங்களும் வீட்டிலிருந்து செய்யும் வேலையின் மேல்தான் பெரும்பாலும் நிற்கின்றன. மெய்ப்புப் பார்ப்பது, தட்டச்சு செய்வது, மொழிபெயர்ப்பது, நேர்காணலை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்குவது ஆகிய எல்லாமே குழந்தை உறங்கிய பின் செய்யத் தக்கவை. படித்த, மொழி அறிந்த, வெளியே போக இயலாத ஒருவருக்கு இவற்றைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஆனால் நாம் அவற்றை என்னவென்று அழைக்கிறோம்? ‘தமிழ்த் தொண்டு’ என்கிறோம். 300 பக்க நாவலுக்கு மெய்ப்புப் பார்த்தவருக்கு இரண்டு பிரதிகளும் ஒரு நன்றி வரியும் தந்து முடித்துக்கொள்கிறோம். அச்சகத்துக்கு, தாளுக்கு, அஞ்சலுக்கு எல்லாம் பணம் ஒதுக்குகிற நாம், பிழை திருத்தியவருக்கு மட்டும் அன்பை ஒதுக்குகிறோம். இதழ் நடத்துபவரின் கையில் பணம் இல்லை என்பது மெய். பலர் சொந்தக் காசில் நடத்துகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். தன்னையே தேய்த்துக்கொண்டு நடத்துபவரை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் தன் உழைப்பைத் தானே விரும்பித் தருவது வேறு, கேட்கத் தெரியாதவரின் உழைப்பைத் தொண்டு என்று பெயரிட்டு எடுத்துக்கொள்வது வேறு.

பக்கத்துக்கு ஐந்து ரூபாயே தர முடியும் என்றால் ஐந்து ரூபாய் என்று முன்கூட்டியே சொல்லலாம். ஒன்றும் தர இயலாது என்றால் அதையும் முதலிலேயே சொல்லலாம், விரும்பியவர் செய்வார். தொகை சிறிதாக இருக்கலாம். சொல்லாமல் விடுவதுதான் தவறு.

எங்கள் தோழி இப்போது மெய்ப்புப் பார்க்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, மாதக் கடைசியில் கணக்கில் பணம் வருகிறது. அந்தப் பழைய கடிதத்தை அவர் கிழித்துப் போடவில்லை, அகராதிக்குள் வைத்திருக்கிறார். சென்ற வாரம் பக்கத்து வீட்டம்மா, “பகலெல்லாம் என்னக்கா செய்றீங்க?” என்று கேட்டபோது, “சும்மாதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சொல் அவர் வாயிலிருந்தும் போக வேண்டும். அதற்கு அவருடைய முயற்சி மட்டும் போதாது. வேலை கொடுக்கிற நாம் முதலில் அதை வேலை என்று அழைக்கப் பழக வேண்டும்.