இலை மட்டும் போதுமா?

தாவரவியல் செய்முறை வகுப்பில் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இது இலையா, சிற்றிலையா?" என்றுதான். முருங்கை இணுக்கிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்கைத் தனியாக நீட்டினால் பாதிப்பேர் திணறுவார்கள். கல்லில் பதிந்த இலை என்றால் திணறல் இன்னும் கூடும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 4.7 கோடி ஆண்டுப் பழமையான கிரீன் ரிவர் பாறையில் கிடைத்த நீள இலைகளை 1969இல் ஜின்செங் தாவரக் குடும்பத்தில் சேர்த்தார்கள். அவை கூட்டிலையின், அதாவது பல துண்டுகளாகப் பிரிந்த ஒரே இலையின், சிற்றிலைகள் என்று கருதினார்கள். கையில் இருந்தது இலை மட்டும்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பிறகு தொல்தாவரவியலாளர் ஸ்டீவன் மான்செஸ்டர், பெர்க்லி பல்கலைக்கழகச் சேகரிப்பில் இனம் காணப்படாத ஒரு புதைபடிவத்தைப் பார்த்தார். அதே பகுதியில் கிடைத்தது. கிளையில் இலை, பூ, காய் மூன்றும் ஒன்றாக இருந்தன. 1969இல் பெயரிட்ட அதே வகை இலைகள், நேரே தண்டிலேயே ஒட்டியிருந்தன. அவை சிற்றிலைகளே அல்ல! காய் முற்றிய பிறகும் மகரந்தத்தாள்கள் உதிரவில்லை. ஜின்செங் குடும்பத்துக்கு இது பொருந்தாது. தெரிந்த வேறெந்தக் குடும்பத்துக்கும் பொருந்தவில்லை. 2024இல் ஒத்னியோபைட்டன் என்ற புதிய பேரினமாக வெளியிட்டார்கள், குடும்பம் குறிப்பிடாமலே.

அந்த வெற்றிடத்தை நான் மெச்சுகிறேன். இலையை மட்டும் வைத்துச் சூட்டும் குடும்பப் பெயர்களைத் தற்காலிகம் என்றே அருங்காட்சியக அட்டைகளில் எழுத வேண்டும். பெயர் தெரியாத கற்களை இடநெருக்கடி என்று கழித்துக்கட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும். மான்செஸ்டருக்குக் கிடைத்ததும் அப்படிப் பெயரில்லாமல் கிடந்த கல்தான்.