‘இன்னும் முத்தலைங்க’ன்னு சொல்றவங்களுக்கு

கொஞ்சம் நீளமான த்ரெட். கோபத்துலதான் எழுதறேன், பொறுத்துக்கோங்க.

போன மாசம் ராசிபுரம் பக்கத்துல இருந்து ஒரு ஆத்தாவைக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு நாளா ஒருபக்கத் தலைவலி, வாந்தி. பித்தம்னு நினைச்சு இஞ்சிச் சாறு குடுத்திருக்காங்க, அப்புறம் ஒரு ஊசி. மூணாவது நாள் கண்ணு ரத்தமாச் சிவந்த பிறகுதான் கண் டாக்டர் ஞாபகம் வந்திருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தா கண்ணுப் பாப்பாவே பால் மாதிரி வெள்ளை. கண் அழுத்தம் ஐம்பதைத் தாண்டி நிக்குது. 21-க்குள்ள இருக்கணும்.

“எத்தனை நாளா புரை இருக்குது?”ன்னு மகன்கிட்ட கேட்டேன். “மூணு வருசமாச்சுங்க. முத்தட்டும்னு விட்டுட்டமுங்க.”

முத்திடுச்சு. அழுத்தத்தைக் குறைச்சு ஆபரேஷனும் பண்ணியாச்சு. வலி போயிடுச்சு. பார்வை? லைட் எந்தப் பக்கம் எரியுதுன்னு தெரியும், அவ்வளவுதான்.

புரைங்கறது சதை வளர்றது இல்ல. கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மங்கறது. விட்டுவெச்சா அது தண்ணி குடிச்சு உப்பி, கண்ணுக்குள்ள சுரக்கற நீர் வெளியேறும் வழியை அடைச்சுக்கும். இல்லன்னா உள்ளயே கரைஞ்சு, கசிஞ்சு அடைக்கும். அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு செத்துடும். புரைக்கு ஆபரேஷன் இருக்கு, செத்த நரம்புக்கு ஒண்ணும் இல்ல. கரைக்கற சொட்டு மருந்தும் கிடையாது. தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணுல விட்டுடாதீங்க.

‘முத்தட்டும்’ங்கறது நீங்களா கண்டுபிடிச்சது இல்ல. சொல்லிக் குடுத்ததே எங்க ஆளுங்கதான். அந்தக் காலத்துல லென்ஸை முழுசா எடுத்துட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவாங்க. அதுல கிடைக்கற பார்வையே சுமார்தான், அதனால கண்ணு நல்லா மறைக்கற வரைக்கும் காத்திருந்ததுல நியாயம் இருந்துச்சு. கண்ணுக்குள்ளயே செயற்கை லென்ஸ் வெக்கறதை ஹரால்டு ரிட்லி 1949-லயே லண்டன்ல செஞ்சு காட்டிட்டார். அது நம்ம ஏழை ஜனங்களுக்கு வந்து சேர 40 வருசத்துக்கு மேல ஆச்சு. அரவிந்த் கண் மருத்துவமனைக்காரங்க 1992-ல ஆரோலேப் ஆரம்பிச்சு மதுரையிலயே லென்ஸ் தயாரிச்ச பிறகுதான் விலை இறங்குச்சு. அதோட ‘முத்தட்டும்’ செத்திருக்கணும். டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆன பிறகு 11 படுக்கையோட அரவிந்தைத் தொடங்கினது 1976. மத்திய அரசோட பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்ததும் அதே வருசம்தான். ஐம்பது வருச உழைப்பு. ஆனா 2015-19 தேசிய சர்வேயில பாருங்க: 50 வயசுக்கு மேல பார்வை போனவங்கள்ல 66 சதவீதத்துக்குக் காரணம் இன்னும் புரைதான்!

காசு இல்லன்னு சொல்லாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில லென்ஸோட சேர்த்து இலவசம். கூடப் போக ஆள் இல்லைங்கறதுதான் நிஜம். மகன் ரிக் வண்டியில ஆந்திராவோ ஒடிசாவோ போயிருப்பான். மருமக பள்ளிபாளையத்துல தறிக்குப் போறா, ஒருநாள் நின்னா ஒருநாள் கூலி போச்சு. அது எனக்குப் புரியுது. ஆடி போகட்டும், கரும்பு வெட்டு முடியட்டும், பேத்தி சீரு முடியட்டும்னு தள்ளறீங்க பாருங்க, அதுதான் புரியல. பண்ணையில நாலு கோழி தலையைத் தொங்கப்போட்டா அன்னைக்கே டாக்டருக்கு போன் போடற ஊருங்க இது. பெத்தவ மூணு வருசமா சுவரைத் தடவிட்டு நடக்கறா.

“அவிகளே சோறாக்கறாங்களே, கண்ணு நல்லாத் தெரியுமுங்க”ம்பாங்க. நாப்பது வருசம் புழங்கின அடுப்படியில கண்ணே வேண்டாம்ங்க, கை தானாப் போகும்.

முகாம் நடத்தறவங்களுக்கும் ஒண்ணு. பேனர்ல தலைவர் படம் ஆறடிக்கு, தேதி மூலையில பொடி எழுத்துல. நடந்து வர முடிஞ்சவங்க வர்றாங்க, ‘இத்தனை ஆபரேஷன்’னு கணக்கு எழுதறோம். யார் வரல? தொண்ணூறுகள்ல அரவிந்தோட முகாம் நடந்த ஊர்கள்லயே ஆய்வு பண்ணினாங்க. கண்ணுல கோளாறு இருந்தவங்கள்ல முகாமுக்கு வந்தது நூத்துக்கு ஏழு பேர்தான். அதுக்கப்புறம்தான் கிராமத்துலயே நிரந்தரமாப் பார்வை மையம் திறக்கற யோசனை வலுவாச்சு. 2021-ல இருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்காங்க பிபி, சுகர் பார்க்க வீட்டுக்கே வர்றாங்க. அவங்க கையில ஒரு டார்ச்சும் ‘ஈ’ சார்ட்டும் குடுங்க. வருசத்துக்கு ஒருதரம் 50 தாண்டின எல்லாருக்கும் ரெண்டு கண்ணும் பார்க்கட்டும். புரை இருந்தா வேன் வாசலுக்கு வரணும். ஆபரேஷன் எண்ணிக்கை வேண்டாம். ஆறு வாரம் கழிச்சு எத்தனை பேருக்குப் பார்வை வந்துச்சுன்னு எழுதுங்க.

“ஆபரேஷன் பண்ணித்தான் கண்ணு போச்சு”ங்கற பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். 2008-ல விழுப்புரம் மாவட்டத்துல ஒரு முகாமுக்கு வந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 66 பேர் பார்வையை இழந்தாங்க. கிருமித் தொற்று அபூர்வம், ஆனா உண்மை. ஆபரேஷனுக்கு அப்புறம் வலி, சிவப்பு, பார்வை குறையறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஓடி வாங்க. மறுநாள்னு தள்ளாதீங்க.

இன்னைக்குச் சாயங்காலம் ஒரு வேலை. ஆத்தாவைத் திண்ணையில உக்கார வெச்சு, உள்ளங்கையால ஒரு கண்ணை மூடுங்க. பத்தடி தள்ளி நின்னு விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்க. அப்புறம் மறுகண்ணு. ஒண்ணுல தப்பா எண்ணினாலும் காலையில முதல் பஸ். ஆதார் கார்டும் அவங்க சாப்பிடற சுகர், பிபி மாத்திரைச் சீட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.