தூங்குகிற ஓஎஸ் மீது ஏன் பழி?

பெங்களூரு வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து பிஜியில் தங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் காதில் சீக்கிரமே விழுகிற அறிவுரை ஒன்று உண்டு: “விண்டோஸ் இருக்கிற லேப்டாப்ல லினக்ஸையும் போட்டுடாதே தம்பி, மெஷின் ஸ்லோ ஆயிடும்.” அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் தவறு. சர்வர் வேலை என்றாலே லினக்ஸ் என்றாகிவிட்ட ஊரில், அதைச் சொந்த மெஷினில் பழகவிடாமல் தடுப்பது இந்தப் பேச்சுதான்.

இரண்டையும் தனித்தனிப் பார்ட்டிஷனில் போட்டு வைக்கும் டூயல் பூட்டில் ஒரு நேரத்தில் ஓடுவது ஒரே ஓஎஸ். விண்டோஸ் ஓடும்போது உபுண்டு லினக்ஸ் வேறொரு பார்ட்டிஷனில் வெறும் ஃபைல்களாகக் கிடக்கிறது. ரேமையோ பிராசசரையோ அது தொடுவதில்லை. ஆன் செய்ததும் எதைத் திறக்க என்று கேட்டு கிரப் மெனு சில நொடி காத்திருக்கும், அவ்வளவே. இது புதிதும் அல்ல: தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த மெஷின்களில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. அன்று பிளஸ் டூவில் அதை வாங்கியவர்கள் இன்று இங்கே டீம் லீடாக இருக்கிற வயதினர்.

“என் மெஷின் நிஜமாவே ஸ்லோ ஆச்சே” என்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் அது டூயல் பூட்டாக இருக்காது. விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸை ஓட்டியிருப்பார்கள். அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றன. 8 ஜிபி ரேமில் 4 ஜிபியை லினக்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் விண்டோஸ் 11, குரோம், டீம்ஸ் எல்லாம் ஓட வேண்டுமென்றால் திணறத்தான் செய்யும். இதைவிடக் கண்ணில் படாத காரணம் ஒன்றும் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் ஒரு சின்னப் பச்சை ஆமை தெரிகிறதா பாருங்கள். விண்டோஸின் ஹைப்பர்-வி, பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது என்று அதற்கு அர்த்தம். பாதுகாப்புக்காக விண்டோஸ் செய்யும் மெமரி இன்டெக்ரிட்டி ஏற்பாடே ஹைப்பர்-வியை எழுப்பிவிடும். அந்தப் பாதுகாப்பை அணைப்பதைவிட, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-க்கு மாறிவிடுவது நல்லது. அதிலும் புராஜெக்ட் ஃபோல்டரை சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் கிட் கட்டளைகூட இழுக்கும். லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றினால் வேகம் வந்துவிடும்.

சூடு, பேட்டரி பற்றிய புகாரில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் சரியான டிரைவர் இல்லையென்றால், சும்மா இருக்கும்போதும் கார்டு விழித்தே இருக்கும், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். என்விடியாவின் டிரைவரைப் போட்டு, அன்றாட வேலையை இன்டெல் கிராஃபிக்ஸுக்கு விட்டால் பெரும்பாலும் அடங்கும். சில மாடல்களில் அடங்காது. ஆனால் இது லினக்ஸ் ஓடும்போது வரும் சிக்கல். லினக்ஸ் அருகில் இருப்பதால் விண்டோஸ் சூடாவதில்லை. 256 ஜிபி எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்து இரண்டையும் நிரப்பிவிட்டால் வேகம் குறையும் என்பதும் சரிதான். அங்கே குற்றவாளி இடநெருக்கடி.

லினக்ஸ் விண்டோஸைக் கெடுத்துவிடும் என்கிறார்களே? 2024 ஆகஸ்டில் நடந்தது நேர் எதிர். மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட், செக்யூர் பூட் வைத்திருந்த டூயல் பூட் மெஷின்கள் பலவற்றில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் ஃபைல்களைச் சேமிக்க முடியவில்லை என்ற புகாருக்கும் மூலகாரணம் பல சமயம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் நிற்கும். அந்தப் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டால் போதும். விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குவது, இரண்டு ஓஎஸும் மதர்போர்டின் நேரத்தை வெவ்வேறாகப் படிப்பதால். ஒரே கட்டளையில் சரியாகும்.

கம்பெனி லேப்டாப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்: பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டு நிற்கும், ஐடி டீமுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறை இன்டெல்லும் அதற்கு முந்தையவையும், ஒரு சில தவிர, விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. அப்படியொரு மெஷினில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால், உபுண்டு போட்டு இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம். ஸ்லோ ஆகுமென்று பயந்து அதைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டு, முதல் மாதச் சம்பளத்திலேயே புது லேப்டாப்புக்கு இஎம்ஐ கட்டத் தேவையில்லை.